வண்டு

புர்க்டோர்ஃபில், எம்மே ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
ஏழு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள்
இரவோடு இரவாக வெளுக்கிற ஆலையில்
மூன்றாம் உலர்த்திக்கு வயது முப்பத்தொன்று.
அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்:
முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு.
எரிந்தால் ஓடுகிறேன். அணைந்தால் இல்லை.
சூடு எவ்வளவு, பஞ்சு எங்கே அடைத்திருக்கிறது,
அதெல்லாம் கேட்கக் கூடாது.

புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு விலைப்பட்டியல் வந்தது.
ஸ்டுக்கி படித்தார், மடித்தார்,
காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

நான் யாரிடமும் கேட்கவில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
உள்ளங்கையைவிடச் சிறிய ராஸ்பெரிப் பலகை ஒன்றை
மகனின் பழைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் உட்காரவைத்து
(மூடியில் பாதி உரிந்த டைனோசர்)
நான்கு காந்தங்களால் உலர்த்தியின் முதுகில் ஒட்டினேன்.
விளக்கின் மின்சாரம் நேரே வந்தால் பலகை கருகும்.
ஆகவே நடுவில் ஓர் ஒளியிணைப்பி:
அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம்,
இந்தப் பக்கம் ஒரு கண்,
இடையில் கம்பியே கிடையாது.
காற்றுக்குழாயில் ஒரு வெப்பமானி.
அவ்வளவுதான். நாற்பது நிமிட வேலை,
காந்தம் தேடிய நேரம் தனி.

நினைவட்டையை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டினேன்.
மின்சாரம் போனால் போகட்டும்,
கெட்டுப்போக உள்ளே எதுவும் எழுதியிருக்காது.
திரும்பி வரும்போது
அதே முதல் காலையில் கண்விழிக்கும்,
ஒரு மனத்தாங்கலும் இல்லாமல்.
எனக்கு அது வாய்த்ததில்லை.

பெயர் கேட்டது.
வண்டு என்று தட்டினேன்.

ஓய்வறையின் பழைய திரையில் ஓர் எண் தோன்றியது.
கையுறை போடுமுன் லூலியேட்டா அதைப் பார்ப்பாள்,
பேருந்துக்கு முன் வானத்தைப் பார்ப்பதுபோல.
"எண்பத்தாறு. நல்ல நாள்."
"தொண்ணூற்றைந்து. வடிகட்டியைத் திற."
யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நானூற்றுப் பதினோராம் நாள்
பெர்னிலிருந்து செவெரின் வந்தான், மடிக்கணினியோடு.
"உங்கள் வலையமைப்பில் யாரோ இருக்கிறார்கள்.
பத்து விநாடிக்கொருமுறை ஓர் எண்ணைச் சொல்கிறார்கள்.
'வண்டு' என்றால் என்ன?"
லூலியேட்டா தலை நிமிராமல் தலையணை உறை மடித்தாள்.
பூச்சி, என்றேன்.
"என்ன செய்யும்?"
பஞ்சுக்குள் இருக்கும். ரீங்கரிக்கும்.

அவன் சிரிக்கவில்லை. அவன் சொன்னதும் பிழையில்லை:
பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை
நான் மாற்றவே இல்லை.
அந்தத் திறந்த சன்னலால் எவரும்
ஏழு மருத்துவமனைகளின் கணக்கேடுகளுக்குள்
செருப்போடு நடந்திருக்கலாம்.
எனக்குக் காது சுட்டது.

கழற்றினோம்.
பலகையின் மேல் சாம்பல் நிறக் கம்பளிபோலப் பஞ்சு,
அதற்குள்ளிருந்து சிவப்பாய் ஒரு துளி.
செருகியைப் பிடுங்கியதும் அதுவும் போயிற்று.

மறுநாள் திரை கறுப்பு.
லூலியேட்டா உலர்த்தியின் கதவில் உள்ளங்கையை வைத்து
சற்று நேரம் நின்றாள்.
அதற்கு அடுத்த நாளும்.
நான்காம் நாள் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு
மூக்கால் என்னைக் கூப்பிட்டாள்.
வடிகட்டியைத் திறந்தோம்.
பஞ்சின் ஓரம் பழுப்பு,
ரொட்டி வாட்டும் கருவியில் மறந்துபோன துண்டுபோல.

நெருப்பு இல்லை. செய்தி இல்லை.
ஸ்டுக்கி கோப்பையைத் தூக்கி, பட்டியலை விரித்து,
கடைசி வரியைப் பார்த்து,
மறுபடி கோப்பையை அதன்மேல் வைத்தார்.
பிறகு செவெரினுக்குத் தொலைபேசினார்.

இப்போது அதே ராஸ்பெரி
இரும்புப் பெட்டிக்குள், தண்டவாளத்தில், தனி உருகியோடு,
தனக்கென்று பிரித்த ஒரு சந்து வலையில்,
இருபத்தாறு எழுத்துக் கடவுச்சொல்லோடு இருக்கிறது.
பெட்டியின் விலை பலகையைப்போல ஒன்பது மடங்கு.
படிவத்தில் 'கருவியின் வகை' என்ற இடத்தில்
செவெரின் நெடுநேரம் யோசித்து
'ஏனையவை' என்றான்.
ஒட்டிய சீட்டில் எழுத்தும் எண்ணுமாய்ப் பதினொன்று.
லூலியேட்டா மட்டும் இன்னும்
"வாந்து என்ன சொல்கிறான்?" என்றுதான் கேட்கிறாள்.

சாப்பாட்டுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
மகன் முகர்ந்து பார்த்து, வேண்டாம் என்றான்.
காந்தங்களை இன்னும் எடுக்கவில்லை.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது,
உள்ளே மின்கட்டணச் சீட்டு.